ஏட்டின் இறுதி வரி

செஞ்சிக்கும் திண்டிவனத்திற்கும் இடைப்பட்ட நிலப்பகுதியில் அமைந்த சிற்றூர் மேல்சித்தாமூர். தமிழ்ச் சமணர்களின் தலைமை மடமாகிய ஜினகாஞ்சி மடம் இவ்வூரில் உள்ளது. மடத்தின் தலைவர் இலட்சுமிசேன பட்டாரகர் என்னும் பட்டப்பெயரால் வழங்கப்பெறுகிறார். பார்சுவநாதர் கோயிலையும், தீர்த்தங்கரர் உருவங்கள் பாறையில் செதுக்கப்பட்ட மல்லிநாதர் கோயிலையும் காண வருவோர் பலர். மடத்தில் பேணப்பட்டுவரும் ஓலைச்சுவடிகளை நாடி வருவோர் சிலரே. சுவடி ஆய்ந்து பழகியவர், ஏட்டுக்கட்டை அவிழ்த்ததும் நூலின் தொடக்கத்தைப் பார்ப்பதோடு நில்லார். இறுதி ஏட்டையும் தேடி எடுப்பார்.

நூல் முடிந்த பின்னும் சுவடியில் சில வரிகள் எழுதப்பட்டிருப்பதுண்டு. எந்த ஆண்டு, எந்தத் திங்கள், எந்த நாளில் ஏடு எழுதி நிறைவேறியது, எழுதியவர் யார், அவர் எவ்வூரினர், யாருக்காக எழுதினார் என்னும் செய்திகள் அவ்வரிகளில் இடம்பெறும். பிழை இருப்பின் பொறுத்துத் திருத்திக்கொள்ளுமாறு வேண்டுகோளும் சில ஏடுகளில் காணப்படும். நூலின் ஆசிரியர் அல்லர் அவர், படியெடுத்தவர்தாம். ஆயினும் தம் பெயரையும் தம் பிழைக்கான பொறுப்பையும் எழுதிவைத்தே எழுத்தாணியைக் கீழே வைத்தார். பலர் கூடிச் செய்யும் ஆய்வுப்பணிக்கு உரிய ஒழுங்கு, கணினி தோன்றுவதற்குப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே அந்த இறுதி ஏட்டில் இருந்தது. இன்று இணையத்தில் ஆய்வுத்திட்டம் தொடங்குவோரில் பெரும்பாலோர் மறப்பதும் அந்த ஏட்டைத்தான்.

இழந்தவையும் எஞ்சியவையும்

பனையோலை என்றும் நிலைப்பதன்று. பூச்சியும் ஈரமும் அதனை அரிக்கும். சில நூறு ஆண்டுகளில் ஒடியும். மூல ஏடு சிதையும் முன் மற்றோர் ஏட்டில் படியெடுத்த நூலே வாழ்ந்தது. ஐம்பெருங்காப்பியங்களுள் ஒன்றாகிய வளையாபதியில் இன்று கிடைப்பவை 72 பாடல்கள். குண்டலகேசியில் கிடைப்பவை 19. இவ்விரு காப்பியங்களும் ஒரே நாளில் தீக்கிரையாகி அழிந்தவை அல்ல. அடுத்த படியை எடுக்க ஒருவரும் முன்வராத ஏதோ ஒரு தலைமுறையில் அவை ஓசையின்றி மறைந்தன.

சீவக சிந்தாமணியின் கதை வேறு. உ.வே. சாமிநாதர் 1887 ஆம் ஆண்டில் அதனைப் பதிப்பித்தபோது, பல இடங்களிலிருந்து திரட்டிய ஏடுகளை ஒப்புநோக்கினார். சமண சமயக் கருத்துகளில் தமக்கு விளங்காதவற்றைக் கும்பகோணத்துச் சமணர்களிடம் கேட்டுத் தெளிந்தார். இரண்டாண்டுகள் கழித்து, 1889 இல், சி.வை. தாமோதரனார் சூளாமணியை அச்சேற்றினார். ஏடு ஒரே இடத்தில் முடங்காமல் பல கைகளில் இருந்தமையும், அவற்றை ஒப்புநோக்க ஒருவர் துணிந்தமையும் சேர்ந்தே அந்நூல்களை அளித்தன. பல கைகளில் இருத்தல் மட்டும் போதுமானால் வேறுபாடுகளே மிஞ்சியிருக்கும். இன்ன ஏட்டில் இன்ன பாடம் என்று குறித்துவைத்ததனால்தான் அது பதிப்பாயிற்று.

பொதுத்தளம் என்பது

ஆய்வாளர் பலர் தம் தரவுகளையும் படங்களையும் எழுத்துருவாக்கிய பனுவல்களையும் ஓரிடத்தில் வைத்து, தொலைவில் இருந்தபடியே கூடித் திருத்தவும் வளர்க்கவும் இடமளிக்கும் இணையவெளியே ஆய்வுப் பொதுத்தளம் எனலாம். 2008 இல் தொடங்கப்பட்ட கிட்ஹப் அத்தகைய தளங்களுள் ஒன்று. ஜெனீவாவிலுள்ள செர்ன் ஆய்வுக்கூடம் 2013 முதல் நடத்திவரும் ஜெனோடோ மற்றொன்று. முன்னது பணி நடக்கும் பட்டறை. பின்னது முடிந்த பணியை வைத்துக் காக்கும் பேழை. இரண்டையும் ஒன்றெனக் கருதித் தடுமாறுவோர் பலர்.

கிட்ஹப்பின் அடியில் இயங்குவது கிட் என்னும் மென்பொருள். லினக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், உலகெங்கும் உள்ள நிரலாளர்களின் திருத்தங்களை ஒழுங்குபடுத்துவதற்காக 2005 இல் அதனை எழுதினார். ஒரு கோப்பில் ஒரே ஓர் எழுத்தை மாற்றிப் பதிவுசெய்தாலும் மாற்றியவர் பெயர், நாள், நேரம், மாற்றத்தைப் பற்றிய குறிப்பு ஆகியன அம்மாற்றத்தோடு சேர்ந்து நிற்கும். பழைய வடிவமும் அழியாது. தென்னாசிய, தென்கிழக்காசியக் கல்வெட்டுகளை ஆராய்வதற்காக ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு 2019 இல் தொடங்கிய தர்மா என்னும் ஆய்வுத்திட்டம், தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளிட்ட தன் பனுவல்களை இம்முறையில்தான் வைத்திருக்கிறது. ஒரு சொல்லை யார் எப்போது வேறாகப் படித்தார் என்பதை எவரும் திறந்து பார்க்கலாம்.

தமிழ்ச் சுவடிகளின் முன்னும் பின்னும் உள்ள தனிப்பாடல்களையும் இறுதிக் குறிப்புகளையும் மட்டுமே ஆராய்வதற்கென்று பிரெஞ்சு, ஜெர்மானிய அறிஞர்கள் கூடி ஒரு திட்டம் நடத்தினர் என்பதும் இங்குச் சுட்டத்தக்கது. நூலை விட்டு நூலைச் சூழ்ந்திருப்பதை ஆராய்வதா என்று வியப்போர் உண்டு. எழுதியவரைப் பற்றிய வரலாறு அங்கேதான் இருக்கிறது.

தலைப்பில் ஒரு பெயர்

1998 ஆம் ஆண்டுப் பொங்கல் நாளன்று மதுரைத் திட்டம் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் வாழ்ந்த கு. கல்யாணசுந்தரம் இதனை வழிநடத்தினார். ஊதியம் இல்லை, அலுவலகம் இல்லை. பல நாடுகளில் வாழும் தமிழர்கள் தத்தம் வீட்டில் இருந்தபடியே இலக்கியங்களைத் தட்டெழுதி அனுப்பினர்; வேறொருவர் மெய்ப்புப் பார்த்தார். ஒவ்வொரு மின்பதிப்புக்கும் ஓர் எண் வழங்கப்பட்டது. அப்பதிப்பின் தலைப்பில் தட்டெழுதியவர், மெய்ப்புப் பார்த்தவர் ஆகியோரின் பெயர்கள் இடம்பெற்றன. இக்கோப்பை எவரும் விலையின்றிப் பரப்பலாம், ஆனால் தலைப்புப் பக்கத்தை நீக்கக் கூடாது என்னும் ஒரே நிபந்தனையும் அங்கே குறிக்கப்பட்டது.

மேல்சித்தாமூர்ச் சுவடியின் இறுதி ஏடு இங்கே முதல் பக்கமாகியிருக்கிறது. வேறுபாடு அவ்வளவே.

மதுரைத் திட்டம் சந்தித்த இடர் ஒன்றையும் மாணவர்கள் அறிதல் நன்று. தொடக்கத்தில் தமிழ் எழுத்துகளுக்குக் கணினியில் ஒரே குறியீட்டு முறை இல்லை. ஓர் எழுத்துருவில் தட்டெழுதியது மற்றோர் எழுத்துருவில் பொருளற்ற குறிகளாகத் தெரிந்தது. திஸ்கி முறையில் அமைந்த கோப்புகள் பின்னர் ஒருங்குறிக்கு மாற்றப்பட்டன. கோப்புகள் ஒரே ஒழுங்கில், எண்ணிடப்பட்டு, இன்ன முறையில் எழுதப்பட்டவை என்ற குறிப்போடு இருந்தமையால் மாற்றம் இயன்றது. அதே காலத்தில் தனியார் பலர் தத்தம் விருப்ப எழுத்துருவில் தட்டெழுதி, குறிப்பின்றி விட்டுச்சென்றவை இன்று எவராலும் திறந்து படிக்க இயலாத கோப்புகளாகக் கிடக்கின்றன.

மூன்று நிறங்கள்

கூட்டுப்பணியில் எழும் முதல் ஐயம், பலர் கைவைத்தால் பிழை மலியாதா என்பது. ஐயம் நியாயமானது. அதற்கான விடையைத் தமிழ் விக்கிமூலத்தில் காணலாம். தமிழ் இணையக் கல்விக்கழகம் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்களுள் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவற்றின் படவடிவத்தை வழங்க, அவை அங்கே பக்கம் பக்கமாக எழுத்துருவாக்கப்படுகின்றன. திரையின் ஒருபுறம் அச்சுப்பக்கத்தின் படம். மறுபுறம் எழுத்து வடிவம். மெய்ப்புப் பார்க்காத பக்கம் சிவப்பு. ஒருவர் படத்தோடு ஒப்பிட்டுத் திருத்தியது மஞ்சள். மற்றொருவர் மீண்டும் சரிபார்த்தால் பச்சை. மஞ்சளாக்கியவரே அதனைப் பச்சையாக்க இயலாது.

இவ்விதியின் நுட்பம் எளிதில் புலப்படுவதில்லை. திருத்துபவர் எவ்வளவு கற்றவராயினும் தம் பிழை தம் கண்ணுக்குத் தப்பும் என்பதை இவ்விதி ஏற்றுக்கொள்கிறது. பேராசிரியருக்கும் பள்ளி மாணவருக்கும் ஒரே விதி. பிழையை நிகழாமல் தடுப்பதாக இத்தளம் உறுதி கூறுவதில்லை. எந்தப் பக்கம் இன்னும் பார்க்கப்படவில்லை என்பதை மறைக்காமல் காட்டுகிறது. சிவப்புப் பக்கம் இருப்பது இழுக்கு என்று எண்ணி, பாராமலே பச்சையாக்கும் இருவர் கூடிவிட்டால் விதி தோற்கும் என்பதும் உண்மையே. எந்தப் பொதுத்தளமும் நேர்மையை உற்பத்தி செய்து தருவதில்லை.

முதல் நாளின் முடிவுகள்

செஞ்சிப் பகுதி மேல்நிலைப் பள்ளி ஒன்றின் மாணவர்கள் தம் வட்டாரத்துச் சமணச் சின்னங்களை ஆவணப்படுத்த விரும்புவதாக வைத்துக்கொண்டால், அவர்கள் முதலில் செய்ய வேண்டுவது என்ன? பெரும்பாலும் கைப்பேசியோடு குன்றேறுவர். திருநாதர்குன்றில் இருபத்து நான்கு தீர்த்தங்கரர்களின் உருவங்களையும் படமெடுப்பர். சந்திரநந்தி என்னும் ஆசிரியர் ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்ததைக் கூறும் கல்வெட்டைப் பத்துப் பேர் பத்துக் கோணங்களில் எடுப்பர். மாலையில் நானூறு படங்கள் சேரும். ஒவ்வொன்றின் பெயரும் கைப்பேசி தானாக இட்ட எண்ணாக இருக்கும். ஆறு திங்கள் கழித்து எது திருநாதர்குன்று, எது மேல்சித்தாமூர் என்று எடுத்தவருக்கே தெரியாது.

ஆகவே குன்றேறுவதற்கு முந்தைய நாளே திட்டம் தொடங்குகிறது. கோப்புக்குப் பெயரிடும் முறையை அன்றே வகுக்க வேண்டும்: ஊர், இடம், நாள், எடுத்தவர், வரிசை எண். இச்செய்திகளுள் ஒன்று தெரியாவிடின் தெரியாது என்றே எழுத வேண்டும், ஊகத்தை எழுதலாகாது. கல்லெழுத்தை இருவர் இருவிதமாகப் படித்தால் ஒன்றை அழித்து மற்றொன்றை வைக்காமல், இரண்டையும் படித்தவர் பெயரோடு வைக்க வேண்டும். பாடவேறுபாடு காட்டிய பதிப்பாசிரியர்கள் செய்தது இதுவே.

திட்டத்தின் முகப்பில் அறிமுகக் கோப்பு ஒன்று இருத்தல் இன்றியமையாதது. இத்திட்டம் எதற்காக, இதில் என்ன உள்ளது, என்ன இல்லை, யார் பொறுப்பு, பிழை கண்டால் எங்கே தெரிவிப்பது ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எளிய தமிழில் எழுதிவிடலாம். பலரும் இதனைக் கடைசியில் எழுதலாம் என்று ஒத்திவைக்கின்றனர். ஒத்திவைத்தவர் எழுதுவதில்லை.

உறுப்பினர் அனைவருக்கும் ஒரே அதிகாரம் அளிப்பது சமத்துவம் போலத் தோன்றும். பொதுத்தளங்கள் மூன்று நான்கு படிநிலைகளை வைத்திருப்பதற்குக் காரணம் உண்டு. பார்ப்பதற்கு மட்டும் உரிமை பெற்றவர், திருத்தத்தை முன்மொழியலாம் என்ற நிலையினர், திருத்தத்தை ஏற்று இணைப்பவர், திட்டத்தையே நீக்கும் அதிகாரமுள்ள உரிமையாளர் எனப் பிரித்துவைத்தால் ஒருவரின் கைத்தவறால் அனைவரின் உழைப்பும் அழியாது. உரிமையாளர் ஒருவராக மட்டும் இருத்தல் கூடாது. ஒரே கடவுச்சொல்லை இருபது பேர் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் அதனினும் தீது. யார் செய்தது என்ற கேள்விக்கு அங்கே விடையே இராது.

யாருடைய ஏடு?

குன்றும் கல்வெட்டும் பொதுவெளியில் உள்ளவை. மடத்துச் சுவடியோ அவ்வாறன்று. அதனைத் தலைமுறைகளாகக் காத்தவர்கள் இருக்கிறார்கள். படமெடுக்கும் முன் அவர்களிடம் எழுத்து வடிவில் இசைவு பெறுவது வெறும் நடைமுறை மரியாதை அன்று. எதைப் படமெடுக்கலாம், எதை எல்லார்க்கும் காட்டலாம், எதை ஆய்வாளர்க்கு மட்டும் காட்டலாம் என்று சொல்லும் உரிமை அவர்களுக்கு உண்டு. ஆஸ்திரேலியப் பழங்குடியினராகிய வாருமுங்கு மக்களோடு இணைந்து உருவாக்கப்பட்ட முகுர்ட்டு என்னும் தளத்தில், எந்தப் படத்தை யார் பார்க்கலாம் என்பதை அச்சமூகத்தின் மரபே தீர்மானிக்கிறது.

அறிவு அனைவர்க்கும் உரியது. எல்லாவற்றையும் உடனே திறந்துவிட வேண்டும் என்பாரும் உளர். அவர்கள் வாதத்தில் வலிமை இல்லாமல் இல்லை. பூட்டிவைத்த ஏடுகளால்தான் வளையாபதியை இழந்தோமோ என்று அவர்கள் கேட்கக்கூடும். ஆயினும் காத்தவரைக் கேளாமல் எடுத்த படம், அடுத்த ஏட்டுக்கட்டு அவிழாமல் போவதற்குக் காரணமாகிவிடும். இசைவு பெற்றுத் திறந்த பத்து ஏடுகள், பெறாமல் திறந்த ஒரு கட்டைவிட ஆய்வுக்குப் பெரிது. திறக்க இசைந்தவற்றை மட்டும் முழுமையாகத் திறப்பதே தக்கது. பெயரளவில் திறந்து, கேட்போர்க்கு மட்டும் தருவோம் என்று இழுத்தடிப்பது தக்கதன்று.

உரிமம் பற்றியும் முன்கூட்டியே முடிவுசெய்ய வேண்டும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957 இன்படி இலக்கியப் படைப்பின் உரிமை ஆசிரியரின் வாழ்நாளுக்குப் பின் அறுபது ஆண்டுகள் நீடிக்கும். பழங்காப்பியத்தின் மூலத்திற்கு அத்தடை இல்லை. அதற்கு அண்மையில் ஒருவர் எழுதிய உரைக்கு உண்டு. மாணவர் எடுத்த படத்தின் உரிமை மாணவருடையது. எடுத்தவர் பெயரைக் குறிப்பிட்டு எவரும் பயன்படுத்தலாம் என்று படைப்பாக்கப் பொதும உரிமத்தின் வழியே அறிவித்துவிட்டால், பின்னாளில் ஒவ்வொருவரையும் தேடி இசைவு கேட்க நேராது. உரிமம் குறிக்கப்படாத தரவு, திறந்த கதவுக்குள் பூட்டிய பெட்டியைப் போன்றது.

தளமும் நிலையன்று

இணையத்தில் ஏற்றியது என்றும் இருக்கும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. ஜியோசிட்டிஸ் என்னும் தளத்தில் உலகெங்குமிருந்து தனிமனிதர்கள் அமைத்த பக்கங்கள் 2009 இல் நீக்கப்பட்டன. மென்பொருள் திட்டங்களுக்கு இடமளித்த கூகுள் கோட் 2016 சனவரியில் மூடப்பட்டது. பெருநிறுவனம் நடத்துகிறது என்பது அடைக்கலமாகாது. பொது நிறுவனமும் இடருக்கு அப்பாற்பட்டதன்று. 2023 அக்டோபரில் பிரித்தானிய நூலகத்தின் கணினிகள் தாக்குதலுக்கு உள்ளாயின. அதன் நூற்பட்டியலும் மின்தொகுப்புகளும் பல திங்கள் கிடைக்கவில்லை. அழிநிலை ஆவணங்களைப் படமெடுக்க அந்நூலகம் நடத்தும் திட்டத்தின் வழியே, தமிழ்நாட்டுக் கிராம ஆவணங்களும் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தின் முயற்சியால் மின்படமாக்கப்பட்டவை. ஆனால் அத்திட்டத்தில் ஒரு விதி உண்டு: மூல ஆவணம் பிறந்த நாட்டைவிட்டு நீங்கக் கூடாது, மின்படி ஒன்று அந்நாட்டிலேயே வைக்கப்பட வேண்டும். இலண்டனில் திரை இருண்டபோது அவ்விதியின் மதிப்பு விளங்கியது.

1981 ஆம் ஆண்டு மே இறுதி நாளின் இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. வேறெங்கும் படியில்லாத நூல்களும் அவற்றுள் இருந்தன. 2005 இல் ஈழத்து ஆர்வலர்கள் நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தைத் தொடங்கினர். பலர் கூடித் திருத்தும் விக்கி அமைப்பில் இயங்கும் அத்தளத்தில் ஒவ்வோர் ஆவணத்திற்கும் நூலக எண் உண்டு. யாழ்ப்பாணத்தில் எரிந்த நூலின் ஒரு படி எங்கோ ஒரு வீட்டில் இருந்தால், அது இன்று அந்த எண் பெற்று உலகெங்கும் படிக்கப்படும்.

படி மூன்றிடங்களில் இருத்தல் வேண்டும். பணி நடக்கும் பொதுத்தளத்தில் ஒன்று. ஜெனோடோ போன்ற காப்பகத்தில் ஒன்று. ஊரில், பள்ளியிலோ மடத்திலோ, தனி வன்தட்டில் ஒன்று. காப்பகத்தில் வைக்கப்படும் ஒவ்வொரு பதிப்புக்கும் டி.ஓ.ஐ. என்னும் நிலையான எண் கிடைக்கும். பின்னர்த் திருத்திய பதிப்பை ஏற்றினால் அதற்குப் புது எண். பழையது பழைய எண்ணிலேயே நிற்கும். செஞ்சிப் பள்ளி மாணவர் ஒருவர் படித்தளித்த கல்வெட்டு வாசகத்தை ஹாம்பர்க்கிலுள்ள ஆய்வாளர் தம் கட்டுரையில் சுட்ட விரும்பினால், அவர் சுட்ட வேண்டுவது அந்த எண்ணையே. வன்தட்டை ஆண்டுக்கொரு முறையேனும் இணைத்துத் திறந்து பார்க்க வேண்டும். ஏட்டுக்கு எண்ணெய் பூசிய கைகள் செய்த வேலையும் அதுதான்.

திட்டங்களின் முடிவு பெரும்பாலும் தாக்குதலாலோ தீயாலோ வருவதில்லை. தொடங்கியவர் வேறு வேலைக்குச் செல்கிறார், ஆசிரியர் மாற்றலாகிறார், பதிவுசெய்த மின்னஞ்சல் முகவரி காலாவதியாகிறது, கடவுச்சொல் யாருக்கும் தெரிவதில்லை. பள்ளியில் நடக்கும் திட்டத்திற்கு இது ஆண்டுதோறும் வரும் இடர். பன்னிரண்டாம் வகுப்பினர் மார்ச்சுத் திங்களில் தேர்வெழுதிப் பள்ளியை நீங்குவர். அதற்கு முன், சனவரியிலேயே, பதினோராம் வகுப்பிலிருந்து இருவரின் பெயர்கள் உரிமையாளர் பட்டியலில் ஏறியிருக்க வேண்டும். எந்தெந்தப் பக்கங்கள் இன்னும் சிவப்பாக உள்ளன என்பதும், எந்தக் கல்வெட்டின் எந்த வரி படிக்க இயலாமல் நிற்கிறது என்பதும், நீங்குவோரின் பெயரோடும் நாளோடும் அறிமுகக் கோப்பின் அடியில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.